உப்பில்லாத சட்டி

அக்கரைப்பற்று மிருக வைத்தியசாலையில்
டொக்டர் நஸ்மியா
மனிசருக்கு மருந்தெழுதுகிற மாதிரியே
துண்டில் எழுதித் தந்தா:
வெங்காயம் கூடாது. உள்ளி கூடாது.
உப்பு, தூள், தாளிதம் ஒன்றும் கூடாது.
முந்திரிகைப்பழம் அறவே கூடாது.

கடைசி வரிக்குச் சிரிப்பு வந்தது எனக்கு.
கிலோ என்ன விலை அந்தப் பழம்!
மடியில் கிடந்த மொட்டையன்
(வாலை யாரோ குட்டியிலேயே வெட்டிவிட்டிருந்தார்கள்)
தனக்கு எதெது தடையென்று தெரியாமல்
கொட்டாவி விட்டான்.

சந்தையில் லாபிர் நானா கேட்டார்,
"வீட்டில விருந்தா புள்ள?"
ஒரு கீற்றுப் பூசணி, மூன்று கரட், ஒரு பிடி போஞ்சி,
மண் காயாத வத்தாளங்கிழங்கு.
நாய்க்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
"ஒராள் கூட" என்றேன்.
அது பொய்யும் இல்லை.
பையைக் கட்டும்போது
கணக்கில் சேராமல் நாலு சின்ன வெங்காயம்
வழக்கம்போல உள்ளே போட்டார்.

இப்போது எங்கள் அடுப்பில்
முதல் சட்டி அவனுடையது.
வெங்காயம் தொட்ட கத்தி
சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் வெங்காயக் கத்திதான்.
அதனால் மனிசர் பிறகு.

பூசணித் தோல் லேசில் விட்டுக்கொடுக்காது.
பலகையில் வைத்து, கத்தி முதுகில் உள்ளங்கையை ஊன்றினால்
ஒரு முனகலோடு பிளக்கும்.
விதையை வழிக்க, நார் விரலிடுக்கில்
மஞ்சள் நூலாய்த் தொங்கும்.
கரட்டைத் துருவத்தான் வேணும்.
துண்டாய்ப் போட்டால் போன மாதிரியே திரும்பி வரும்,
முற்றம் கூட்டுகிறவளுக்குத் தெரியும் அது.
போஞ்சியை நாருரித்து நகமளவு அரிந்தேன்,
கீழ்த்தாடையில் அவனுக்கு நாலு பல்லுத்தான் மிச்சம்.

கை தானாய்த் தூள் போத்தலுக்குப் போகும்.
இழுத்து எடுப்பேன்.
இருபத்திரண்டு வருசச் சமையலில்
ஒரு கறியை இப்படி உடுப்பில்லாமல் விட்டதில்லை.
அகப்பையில் ஒட்டியதை ஒருநாள் நக்கிப் பார்த்தேன்.
பூசணி இனிக்கிறது.
இவ்வளவு காலமும் அதைத்
தேங்காய்ப்பாலுக்கும் கடுகுக்கும் பின்னால்
நிற்க வைத்திருக்கிறேன்.

குறுணல் அரிசிச் சோறு, முள்ளெடுத்த கீரிமீன்,
எல்லாம் பிசைந்து மின்விசிறிக்குக் கீழே வைப்பேன்.
சூடு ஆறுமட்டும் வாசற்படியில்
இரண்டு முன்னங்கால், ஒரு மூக்கு.

"மனிசரே கரட்டைத் தொட்டுப் பாத்திட்டுத் திரும்பி வாறாங்க,
உனக்கு இது தேவையா?"
கோபிதரன் கேட்டது என்னையா அவனையா தெரியாது.
இருவரும் பதில் சொல்லவில்லை.

மொட்டையன் சோற்றைத் தின்றான். மீனைத் தின்றான்.
பூசணிக்காகத் தட்டை முற்றம் முழுக்கத் தள்ளிப்போனான்.
போஞ்சியை மட்டும்
ஒவ்வொன்றாய், சுத்தமாய் நக்கி,
தட்டுக்கு வெளியே வைத்தான்.
மறுநாள் இன்னும் சின்னதாய் அரிந்தேன்.
இன்னும் சின்னதாய் எடுத்து வைத்தான்.
நாலு பல்லுக்கு அது எப்படி முடிகிறதோ!

போன வெள்ளி சாகாமம் வாய்க்காலில் தண்ணிமுறை.
கோபிதரன் வரும்போது சாமம் கடந்துவிட்டது.
கரண்டும் இல்லை.
சட்டி மூடி திறக்கிற சத்தம் படுக்கையில் கேட்டது.
எந்தச் சட்டி என்று எழும்பிச் சொல்ல
நித்திரை விடவில்லை, அல்லது
நானும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்.

விடிய, தேத்தண்ணியோடு சொன்னார்,
"ராத்திரிக் கறிக்கு உப்புப் போட மறந்திட்டாய்.
ஆனா வயிறு எரியல்ல."

கழுவாத கோப்பை குசினி வாசலில் கிடந்தது.
அதன் விளிம்பில், வரிசையாய்,
பதினொரு துண்டு போஞ்சி.

மொட்டையன் வந்து மணந்து பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.