முப்பத்தொன்று

மைனஸ் முப்பத்தொன்று.
தண்டர் பே நகரின் வடக்கு விளிம்பில்
தௌனோ ரின்டலா தானே கட்டிய வீடு.
இரண்டு கோடையும் ஒரு முதுகெலும்பும் செலவு என்றார்
கை கொடுக்கும்போதே.
குடியேற நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
வாசலில் நான்கு ஜோடி பூட்ஸ்.
நான் அவற்றைப் பார்க்கவில்லை என்று
பேசாமலே ஒப்புக்கொண்டோம்.

கதவு நிலையில் சிவப்புத் துணியை இறுக்கி
நடுவில் விசிறியை மாட்டினேன்.
உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும்.
ஐம்பது பாஸ்கல்:
நான்கு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில்
காற்று அடிப்பது போல.
எந்த வீடும் அதற்கு மேல் பொய் சொல்லாது.

புகைக்குழலோடு சுவர் சுவராக நடந்தேன்.
ப்ளக் பாயின்ட்டில் புகை திடுக்கிட்டது.
அடித்தளச் சுவர்மேல் உத்தரம் உட்காரும் இடத்தில்
திரும்பி என் முகத்துக்கே வந்தது.
தௌனோ பின்னாலேயே நீல டேப்பை ஒட்டிக்கொண்டு வந்தார்,
ஒவ்வொரு துண்டையும்
அபராத ரசீது போலக் கிழித்து.
கடுகு போன வழிகள் பதினேழு.
எண் மட்டும் இறங்கவில்லை.
அந்த இழுப்பில் வீட்டுக் காற்று முழுவதும்
மணிக்கு ஐந்து முறை மாறுகிறது.
விண்ணப்பத்தில் அவர் எழுதிக்கொடுத்தது இரண்டரை.

"உன் மெஷின் பழுது" என்றார்.

கீழே, வரைபடத்தில் தையல் அறை.
உள்ளே கட்டில்,
ஹாக்கி அட்டவணை,
தலை அழுந்திய பள்ளம் மாறாத தலையணை.
அதன் சொந்தக்காரி கைசா, வயது பதினான்கு,
கதவில் சாய்ந்து என் டேப்பை வேடிக்கை பார்த்தாள்.

ஆள் தூங்கும் அறையின் ஜன்னல்
சாவியோ கருவியோ இல்லாமல் திறக்க வேண்டும்.
எந்தப் பக்கமும்
முப்பத்தெட்டு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது.
இது முப்பத்தொன்று.

"ஏழு சென்டிமீட்டருக்காகக் கான்க்ரீட்டை உடைக்கணுமா?
அவள் ஒல்லி."

"தீயணைப்பு ஆள் ஒல்லியில்லை.
முதுகில் சிலிண்டர் வேறு இருக்கும்."

"புத்தகம் பேசுகிறது" என்றார் சுவரைப் பார்த்து.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
ஐம்பத்திரண்டு வயது, குளிர்கோட்டு, அரசாங்க இடுப்பு.
தலை போனது. தோள் போனது.
அவ்வளவுதான்.

மேலே விசிறியை நிறுத்த மறந்திருந்தேன்.
வீடு என்னை உள்ளே உறிஞ்சியது,
ஏரிக்காற்று முகத்தில் ஊசி குத்தியது,
இரண்டுக்கும் நடுவில்
அந்த ஜன்னலுக்கு நானே அடைப்பு.

கன்னத்தைப் பனியில் வைத்து
பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால்
மேலே பார்த்தேன்.

கூரை விளிம்பு முழுக்க வெள்ளை.
வடகிழக்கு மூலையில் மட்டும்
ஓடு கறுப்பாகத் தெரிந்தது.
அதன் கீழே கை பருமனில் தொங்கும் பனிக்கட்டி,
ஒன்றல்ல, ஒரு வரிசை.

பூசணிக்காய்.

"அந்த மூலையில் மேலே யார் அறை?" என்று
என் இடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தினேன்.

"என்னுடையது," கைசாவின் குரல்.
"அலமாரிக்குள்ளிருந்து குளிர் இறங்கும். தூக்கமே வராது.
அதனால்தான் கீழே வந்தேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஆளுக்கொரு பூட்ஸைப் பிடித்து
அப்பாவும் மகளும் என்னை இழுத்தார்கள்.

அலமாரிக்கு மேல் பரண் துவாரம்.
மூடியென்று ஒரு ப்ளைவுட் துண்டு, சும்மா கிடத்தியது.
ஓரத்தில் ரப்பர் இல்லை, மேலே பஞ்சு இல்லை.
"நாளைக்குச் செய்யலாம் என்று வைத்தேன்" என்றார் தௌனோ,
முதல் கோடையின் நாளை.

கம்பளியும் டேப்பும் வைத்து மூடி மறுபடி ஓட்டினோம்.
இரண்டு புள்ளி எட்டு.
இன்னும் தேறவில்லை. அதையே எழுதினேன்.
பதினேழு நீல டேப்புக்குப் பின்னாலும் வேலை பாக்கி.
தையல் அறையைத் தையல் அறை என்றே எழுதினேன்,
கட்டில் போன பிறகு.

மெத்தை படியேறியது,
அவர் முன்னால், கைசா பின்னால், நடுவில் சண்டை.
படிக்கட்டின் அகலம் எண்பத்தாறு.
திருப்பத்தில்கூட மெத்தை சுவரில் உரசவில்லை.
அதை யாரும் கவனிக்கவில்லை.