கார்பன் நகல்

லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கும் இடத்துக்கு
முந்நூறு அடி இப்புறம், களியக்காவிளையில் என் மேஜை.
இரண்டு மொழியில் மனு எழுதுவேன்.
தமிழில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’,
மலையாளத்தில் ‘தாழ்மயாயி அபேக்ஷிக்குன்னு’.
செக்போஸ்ட் தாண்டியும்
உருமாறாத சொல் அது ஒன்றுதான்.
இருபத்திரண்டு வருடமாய்
அந்த இடம் வந்தால் பேனா யோசிப்பதில்லை,
வெட்டின கோட்டில் ரப்பர் பால் இறங்குவதுபோலத்
தானே இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுச் சபையில் பிரசங்கமும் உண்டு.
இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு
அடுத்தவன் காலடியில் குனிந்தவரைப் பற்றி
நான் பேசினால் பின்வரிசையில் அழுவார்கள்.
அழுகிறவர்களை நான் எண்ணுவதுண்டு.

ஐடா மலர் வந்தது மார்ச் மாதம்.
அண்டியாபீசில் பருப்பு உடைக்கிறவள்.
தோட்டெண்ணெய் தின்று தின்று
பத்து விரலிலும் ரேகை கிடையாது.
ரேஷன் கடை மெஷின்
அவளை அவள்தான் என்று ஒத்துக்கொள்ளவில்லை.
என் மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றித்
தாளில் வைத்துக் காட்டினாள்:
நீலமாய் ஒரு வட்டம், உள்ளே ஒன்றுமில்லை.

எழுதி வாசித்தேன்.
“அந்தச் சொல்லை வெட்டும் சாரே.
அரிசி எனக்குள்ளது. அதுக்கு எதுக்குத் தாழணும்?”
சிரித்தேன். அது இல்லாவிட்டால்
மனு ஒரு மேஜை விட்டு மறு மேஜை போகாது என்றேன்.
வெட்டவில்லை.
எண்பது ரூபாய் வாங்கினேன்.

மனு திரும்பி வந்தது. போனது. திரும்பி வந்தது.
மூன்று தடவை தாலுகா ஆபீஸ், மூன்று நாள் கூலி.
“நம்பரை ஒழுங்காச் சொல்லியிருக்கணும் நீ”
என்று சத்தம் போட்டது நான்,
டீக்கடை முழுக்கக் கேட்க.
கார்டைத் தூக்கிக் காட்டினாள்.
நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி
பிரசங்கக் குறிப்புக்குத் தாள் தேடினேன்.
தலைப்பு, மனத்தாழ்மை.
கையில் அகப்பட்டது அவள் மனுவின் கார்பன் நகல்.
குத்தியிருந்த ஜெராக்ஸில் கடைசி எண் ஒன்பது,
என் கையெழுத்தில் ஆறு.
மூன்று மனுவிலும் ஆறு.
பழைய மனுவைப் பார்த்துப் புது மனு எழுதுகிறவன் நான்.

வேறு யாருக்கும் தெரியாது.
பாதி கிழித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம், அண்டியாபீஸ் கேட்.
தோடு சுட்ட புகை தொண்டையில் கமறியது.
சோற்றுப்பாத்திரங்களோடு முப்பது பெண்கள்.
ஊரார் எல்லாருக்கும் பணிந்து எழுதினவனுக்குத்
தனக்கென்று ஒரு வாக்கியம் வரவில்லை.
“தவறு நேர்ந்துவிட்டது” என்று தொடங்கினேன்,
மழை பெய்துவிட்டது என்பதுபோல.
நிறுத்தினேன்.
“நான் ஆறு போட்டேன். ஒன்பது போடணும்.
உன்மேல கத்துனது தப்பு.”

ஐடா மலர் முந்தியில் கையைத் துடைத்தாள்.
“மூணு நாள் கூலி ஆயிரத்து ஐம்பது” என்றாள்.
“பேப்பர் கொண்டாந்தியளா?”

காவலாளியின் ஸ்டூலை மேஜையாக்கி
நான் தரையில் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தால்தான் ஸ்டூல் எட்டும்.
வேறு அர்த்தம் எதுவும் இல்லை அதற்கு.
அவள் சொல்லச் சொல்ல எண்ணை எழுதினேன்.
‘எனக்குரிய அரிசியைத்’ வரைக்கும் வந்ததும்
கை பழக்கத்தில் ‘தா’ போட்டுவிட்டது.
அவள் எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
வெட்டாமல் அதையே நீட்டினேன்:
‘தாருங்கள்.’

ஞாயிறு, பிரசங்கம் ஏழு நிமிடத்தில் முடிந்தது.
மைக் ரிப்பேரா என்று கேட்டார் சபைச் செயலர்.
பின்வரிசையைப் பார்க்கக்கூடாது என்று
நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.
இரண்டு தடவை பார்த்தேன்.