முகத்துவாரத்துக் காற்று

பன்னிரண்டு பீப்பா, எல்லாம் நீலம்.
கொழும்பில் ஏற்றி, கந்தப்பளையில் இறக்குவது.
ரம்பொடை வளைவுகளைச் சுற்றிச் சுற்றி
சுனிமலின் லொறி இரவு பத்தே காலுக்கு
ஸ்டோர் வாசலில் இருமிக்கொண்டு நின்றது.

தார்ப்பாயை விலக்கி டோர்ச் அடித்தேன்.
பட்டி தளரவில்லை.
மூடிகள் வானம் பார்த்தபடி.
ஆனால் ஒவ்வொன்றின் தலையும்
எண்ணெயில் விழுந்த அப்பளம்போல் உப்பியிருந்தது.

முதல் வருசம் இதைக் கண்டு
மருந்து பொங்கிவிட்டது என்று ஓடியிருக்கிறேன்.
நடுச்சாமத்தில் துரையை எழுப்பி
வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.
வேறொன்றுமில்லை.
கடல் மட்டத்தில் அடைபட்ட காற்று
ஆறாயிரம் அடி ஏறியதும்
கைகால் நீட்ட இடம் கேட்கிறது.

உறை, கண்ணாடி, முகமூடி.
முகத்தைத் தள்ளிவைத்து
சின்ன மூடியைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
உஸ்ஸ்ஸ்...
முகத்துவாரத்து உப்பு மணந்திருக்க வேண்டும்.
முகமூடிக்குள் என் வெற்றிலைதான் மணந்தது.

பழைய டயரின் மேல் இறக்கி, நிமிர்த்தி,
விளிம்பில் சாய்த்துச் சுழற்றி உள்ளே.
உருட்டக்கூடாது.
பலகைத் தட்டில் ஓர் ஆணி தலை தூக்கியிருந்தது,
அதை அடித்து மடக்கவே அரை மணி.
இரண்டு அடுக்கு, மூன்றாவது வேண்டாம்.
கூரையில் வெளிச்சத் தகடு உள்ள மூலையும் வேண்டாம்,
வெயில் பட்டால் பிளாஸ்டிக்கும் முறுக்காகிவிடும்.

மூன்று மாதத்தில் எல்லாம் காலி.
ஐந்தாம் நம்பர் லயத்து விஜயகௌரி வந்து நின்றாள்.
"ஒண்ணு தாங்கண்ணே. பீலியில
ஒன்றுவிட்ட நாள்தான் தண்ணி வருது.
சாம்பல் போட்டு மூணு தரம் கழுவிக்கிறேன்."
மூன்று தரம் என்றுதான் என் தாளிலும் இருக்கிறது,
திருப்பி அனுப்புவதற்கு.
குடிப்பதற்கு முப்பது தரமும் காணாது.

போன தடவை மூடியை இறுக்கி அனுப்பினேன்.
எங்கள் மலைக் காற்று கீழே போய்ச் சேர்ந்தபோது
பீப்பாக்கள் விலா ஒடுங்கிக் கிடந்தனவாம்.
"யார் உதைத்தது?" என்று கொழும்பிலிருந்து போன்.
அதனால் இந்தத் தடவை துளைக் கருவி.
அடியில் ஓட்டை விழுந்தால் பீப்பா ஒடுங்காது.
தண்ணீரும் நிற்காது.

பன்னிரண்டாவது ஓட்டை வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.
நீலச் சுருள்கள் அவள் செருப்பில் ஒட்டின.
"பழரசம் வர்ற வெள்ளைப் பீப்பா
எங்க கிடைக்கும்?"
நுவரெலியாவில், சந்தைக்குப் பின்னால்.
விலை சொன்னேன்.

விரலை மடக்கினாள்.
நாலு நாள் பேர்.
அரைப் பேர் விழாத நாலு நாள்.