முறிமுகம்

ஆறு பாகத் தண்ணீரில் முறிந்த தண்டை
சாக்கில் சுற்றி மேசைமேல் வைத்தான் இன்னாசி.
மண்டபம் வடகரை. சாக்கில் மீன்வாடை.
"புது ஸ்டீலுங்க. ஏன் போச்சு?"

லென்ஸுக்கு அடியில்
ஓரத்தில் உப்பு தின்ற கடுகளவுக் குழி.
அதிலிருந்து வளைவளைவாய் வரிகள்,
வாடை ஓய்ந்த காலையில்
அலை விட்டுப்போனவை போல.
எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே
கரைக்கோடு.

இரவு கணினியில்
அணுவை அணுவோடு அடுக்கினேன்.
பத்து லட்சம் வந்தும்
ஒரு மணலின் தூசுக்குக் காணாது.
இழுத்தேன்.
ஒரு வரிசை வழுக்கியது.
மொத்தமாய் அல்ல,
கரைவலைக்காரர்கள்
ஒருவர்பின் ஒருவராய் அடியெடுப்பதுபோல்.

மீதித் தண்டுக்குக் கண்ணி பின்னினேன்:
குழியருகே பொடிக்கண்ணி, மடிபோல;
தள்ளிப்போகப்போகப் பெருங்கண்ணி.
அணுவும் கண்ணியும் சேரும் தையலில்
ஓர் அதிர்வு போய் முட்டித் திரும்பியது.
அங்கே சுவர் இல்லை.
நான் தைத்த தையல்தான் சுவர்.
மூன்று வாரம் அதைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

இன்னாசி மறுபடி வந்தான்.
திரையைப் பார்க்கவில்லை.
தண்டைத் திருப்பி
அகலமான ஒரு வரியில் நகம் வைத்தான்:
"இது பார்ல தட்டுன அன்னைக்கு.
டீசல் கடன் வாங்கிப் போன நாளு."

என் மாதிரியில் பார் இல்லை.
சேர்த்தேன்.
விரிசல் இப்போது சரியான இடத்தில் தொடங்குகிறது,
பதினேழு நாள் முந்தி.