ஜெனரல் இட்ட முட்டை

ஏழு வருடமாய் அதை ஜெனரல் என்றே அழைத்தாள் ஐலா,
கொண்டையை அப்படி நிமிர்த்தும்.
ஜூன் மாதம்,
கூண்டில் விரித்த செய்தித்தாளில்
வானிலைப் பக்கத்தின் மேல்
ஒரு வெள்ளை முட்டை.

எடுக்காதீர்கள், எடுத்தால் இன்னும் இடும் என்றார் மருத்துவர்.
கணவாய் ஓடு கட்டுங்கள். முதுகைத் தடவ வேண்டாம்.
முக்கியமாக, இருட்டு.

இருட்டுக்கு எங்கே போவது ஓவுலுவில்?
நள்ளிரவு வெயில்
பாத்திரத் தொட்டிவரை வந்து நிற்கிறது.

குளிர்காலக் கோட்டு, கம்பளி,
விவாகரத்துக்கு முன் வாங்கிய இரட்டைக் கட்டில் விரிப்பு,
எல்லாம் ஜன்னலில்.
ஆணி அடிக்கையில்
அடையிலிருந்தபடியே சீறியது ஜெனரல்.

நான்கும் கூமுட்டை.
இருபத்திரண்டாம் நாள் எழுந்துபோய்த்
தினை கொறித்தது,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐலாதான்
ஆறிப்போன ஒன்றைக் காதருகே வைத்து
மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.