ஒரே வரியில், சார்

மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தேன்.
பிலோமின்ராஜ், செய்திப் பிரிவு.
"கருவாட்டுக் கப்பல் நின்னுபோன விஷயமா
உங்க கருத்து வேணும் சார்,
ஒரே வரியில்."

காலாப்பட்டில் எங்கள் துறைக்குக்
கடல் பார்த்த சன்னல்கள் உண்டு.
ஒரு கன்டெய்னரையும் அதில் நான் கண்டதில்லை.
ஆனாலும் சொன்னேன்:
தேக்கம் பத்து நாளில் விலகும்,
அதன்பின் விலை ஏறும்.
கழுத்துப்பட்டை கட்டிய படத்தோடு போட்டார்கள்.
துறைத்தலைவர் கை குலுக்கினார்.
நிதியியல் வைகுந்தவாசன் மட்டும்
வேறொரு சேனலில்
சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்றார்.

அடுத்த மாதம் மாணவர்களோடு
கடலூர் முதுநகர்த் துறைமுகம்.
கையில் இருபத்தெட்டு கேள்விகள்.
சரக்கை வைத்திருப்பதா விற்பதா,
எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்
என்பது பதினேழாவது.

அஞ்சலாட்சி தாளைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
"ஒன்ன வச்சித்தான்."

"டிவியில நீதான சொன்ன, ஏறும்னு.
நெத்திலி நாப்பது மூட்ட
குடுக்காம வச்சிருந்தேன்.
பத்து நாளுன்ன.
பதினோராம் நாளு மழ."

குரலில் கோபமில்லை.
ஈ ஓட்டுகிற கை நிற்கவுமில்லை.
நனைந்து புழுத்தது போக மிச்சம்
நாமக்கல் லாரி ஏறியதாம், கோழித் தீவனத்துக்கு.
கிலோ என்ன விலைக்கு என்று மாணவி கேட்டாள்.
சொன்னார். எழுதிக்கொண்டாள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

வகுப்பில் நான் வரையும் படம் ஒன்று உண்டு.
சாட்டையின் பிடியில் விரல் அசைந்தால்
நுனி ஆளுயரம் வீசும்.
கடைக்காரர் ஒரு பெட்டி கூடுதலாகக் கேட்க
ஆலை ஆயிரம் செய்து குவிக்கும்.
பிடியில் இருப்பது யார் விரல் என்று
இருபது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

மூன்று கிலோ வாங்கினேன்.
பரிகாரம் இல்லை அது,
அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை,
சில்லறை விலைதான் போட்டார்.
கன்னியக்கோயில் தாண்டியும்
கார்க் கண்ணாடியை ஏற்றவில்லை.
குடியிருப்பில் நான் பொட்டலத்தைப் பிரித்ததும்
வைகுந்தவாசன்
எழுந்துவந்து சன்னலைச் சாத்தினார்,
சந்தைக்குக் காத்திராமல்.

மறுநாள் கேன்டீனில் முட்டை தோசை.
நாமக்கல் முட்டையா என்றேன்.
"வேற எங்கேர்ந்து சார் வரும்?"
பாதி தின்றபோது
பிலோமின்ராஜ்.

பண்ருட்டிக்கு ஆப்பிரிக்க முந்திரி வரவில்லையாம்.
ஒரே வரி போதுமாம்.
"எனக்கு இன்னும் தெரியவில்லை" என்றேன்.
"அது வரியாகாதே சார்."

மாலைச் செய்தியில் என் பழைய படம்.
அதே கழுத்துப்பட்டை.
கீழே அதே வரி,
கருவாடு இருந்த இடத்தில் முந்திரி:
தேக்கம் பத்து நாளில் விலகும்,
அதன்பின் விலை ஏறும்.

பண்ருட்டியில் எந்தக் கிடங்கில்
சத்தத்தைக் கூட்டி வைத்தார்களோ.