முதல்நிலைச் சான்று

தலைப்பு அங்கீகாரமாக மூன்று மாதம் எடுத்தது:
‘யாழ்ப்பாணத்துச் சீனர் – குடிபெயர்வும் அடையாளமும்.’
சபையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
“எத்தினை பேர் இருக்கினம் பிள்ளை?”

ஒரு ஆள், சேர்.
றெஜினா வான், வயது எழுபத்தொன்று.
கஸ்தூரியார் வீதி, இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவில்
ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி.
மேலே, வெய்யில் குடித்து வெளிறிய பலகை:
பல் கட்டப்படும்.
கட்டுகிறவர் செத்து முப்பத்தைந்து வருடம்.

கேள்விக்கொத்தில் முதலாவது:
“உங்கட சொந்த இடம்?”
அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.
இந்த ஊரில் அந்தக் கேள்வி எதைத் தோண்டும் என்று
கேட்கிறவருக்கும் தெரியும்.
“என்னைப் பொம்பிளை பாக்க வந்தவையும் உதைத்தான் கேட்டவை.
அப்பா ஹுபே எண்டார்.
அது கரவெட்டிக்கு அங்காலையோ எண்டு கேட்டிட்டுப் போச்சினம்.
திரும்பி வரேல்லை.”

முதலாம் கேள்வியை அடித்தேன்.

அப்பா துணிமூட்டையும் சைக்கிளுமாக வந்தவர்.
பல் பழகியது கொழும்பில், ஒன்றுவிட்ட தமையனிடம்.
அம்மா குருநகர்.
வீட்டில் செபமாலை தமிழில், கணக்கு சீனத்தில்,
சண்டை இரண்டிலும்.
“நான் பெரியாசுபத்திரியில பிறந்தனான். ஆனா பத்திரத்தில
நாடு எண்ட இடத்தில ஒரு கோடு.
நல்ல நேர்கோடு. அளவுகோல் வைச்சு அடிச்சிருக்கிறாங்கள்.”
வருசத்துக்கு ஒருக்கால் கொழும்புக்கு ரயில்,
பிறந்த மண்ணில் தங்க விசா.

தேத்தண்ணி வந்தது.
“சீனி போடட்டோ?”
போட்டார். எங்கிருந்து வந்தது என்று
அதை மட்டும் ஆரும் கேட்பதில்லை.

பிறகு கட்டிலுக்குக் கீழிருந்து
ஒரு தகரப் பெட்டியை இழுத்தார்.
“தொண்ணூற்றைஞ்சில ஊரே நாவற்குழிப் பாலத்தால போகேக்க
எல்லாரும் காணி உறுதி கொண்டு போச்சினம்.
எனக்கு ஏது உறுதி?
உதைத்தான் சைக்கிளில கட்டினனான்.
மழை. ஒரு அச்சுக்கூட நனையேல்லை.”

அறுபத்தெட்டுத் தாடைகள்.
வெள்ளைச் சாந்தில், வாய் பிளந்தபடி.
அடியில் பென்சிலால் பெயர்கள்,
மகள் பள்ளிக்கூடத்தால் வந்து எழுதிக் கொடுத்தவை.
ஒவ்வொன்றாய்த் தூக்கினார்.
“இவர் லாச்சப்பலில கடை.
இவ போன மாரிக்கு மொன்றியலில செத்திட்டா.
இது தபால் கந்தோர் மாஸ்டர், குடும்பமா ஒஸ்லோ.
இந்தப் பெடியன் முன்பல்லு ரெண்டு, கிறிக்கெட் பந்து பட்டு –”
அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல்
முகம் கவிழ்த்து வைத்தார்.

என் அட்டவணையில் வந்தவர்களுக்கு ஆறு நிரல்.
போனவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கடைசி அச்சில் மட்டும் சீன எழுத்து.
“உது என்னெண்டு எனக்கும் தெரியாது.
அப்பான்ர பல்லோ, அவற்ர தாயின்ர பேரோ.”
படம் எடுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.
முடிவுரையின் முதல் வசனம்
மனதுக்குள் எழுதியே விட்டேன்: ஆறு, மலை, பிரிவு.

தொலைபேசி யோசித்துவிட்டுச் சொன்னது:
மேல்வரிசை. மூன்று ரூபா பாக்கி.

றெஜினா சிரித்த சிரிப்பில்
கீழே நகைக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.
மேலே நாலு எழுத்து மிச்சம். கருத்து இல்லை, ஓசைதானாம்.
அழுத்தினால் ஒரு பெண்குரல் வாசிக்கிறது:
ஸீ – லா – து – லாய்.

“இன்னொருக்கால் போடும்.”
ஸீ – லா – து – லாய்.
“சீராளதுரை?”
“செல்லத்துரை! அப்பாக்கு ‘ர’ வராது.”
“எந்தச் செல்லத்துரை அன்ரி?”
“பொறும், பொறும். கொட்டடியில ஒராள்,
கச்சேரியடியில ஒராள், பாண் பேக்கரி ஒராள்…”

இருட்டிவிட்டது. கரண்ட் இல்லை.
தாடையைத் தொலைபேசி வெளிச்சத்துக்குப் பிடித்தபடி
விரல் மடிக்கிறார், ஏழாவது செல்லத்துரையில் நிற்கிறார்.
மேற்பார்வையாளர் மூன்றுதரம் அழைத்துவிட்டார்.